இல்லத் தோட்டமும் இன்னுயிர் ஓம்பலும்

சென்ற கோடையில் ஒருநாள், எங்கள் ஊர் ஜினாலயத்தில் சுவாத்தியாயம் முடிந்தபின் மூதாட்டியார் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "ஏன் தம்பி, எறும்பை மிதித்துவிடுவோமோ என்று அஞ்சி நடக்கிறோம். தண்ணீரையும் வடிகட்டிக் குடிக்கிறோம். சந்தையில் வாங்கும் கத்தரிக்காய்க்கு எத்தனை முறை பூச்சிமருந்து அடித்திருப்பார்களோ! அதில் மடிந்த உயிர்களுக்கு நாம் பொறுப்பில்லையா?"

அவையில் இருந்தோர் எவரும் உடனே விடை கூறவில்லை. ஒரு செயலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நாம் சிறு வயது முதல் கற்ற பாடம். விலை கொடுத்து வாங்குவோர் இருப்பதனாலன்றோ விற்போர் இருக்கின்றனர்? அம்மையாரின் வினாவுக்கு முழு விடை காண்பது எளிதன்று. எனினும் நம் இல்லத்துக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ ஒரு சிறு தோட்டம் அமைப்பது அவ்விடையின் தொடக்கமாக அமையும்.

இல்லறத்தார்க்கு ஏற்ற தொழிலா?

மண்ணைக் கிளறினால் உயிர்கள் வருந்துமே என்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் நற்பண்பே. ஆயினும் உலக மாந்தர்க்கு ஆறு தொழில்களைக் கற்பித்த ஆதிபகவன் விருஷபதேவர், உழவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். வீட்டுப் பணியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்க இயலாது நேர்வனவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். ஆகவே, நாம் அமைக்கும் தோட்டத்தில் கொல்லும் எண்ணம் இருத்தலாகாது, கவனக்குறைவும் இருத்தலாகாது. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

மண்ணும் காலமும்

நாள்தோறும் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் வெயில் படும் இடமே காய்கறிக்கு ஏற்றது. தொட்டியில் வளர்ப்போர் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். மாடியில் வைப்போர் பாரத்தைக் குறைக்க, மணலுக்கு மாற்றாகத் தென்னைநார்க் கழிவைச் சேர்க்கலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. அவரை, புடலை, பாகல், பீர்க்கு, வெண்டை, கத்தரி ஆகியவற்றிற்கு ஆடி நல்ல பருவம். ஆனால் அது மழையால் மண்ணில் சிற்றுயிர்கள் பெருகும் சாதுர்மாஸ்ய காலமும் ஆகும். இதற்கு வழி யாது? கொத்துதல், கிளறுதல் முதலிய பணிகளைச் சித்திரை வைகாசியிலேயே முடித்துவிட வேண்டும். அப்போது மேல்மண் உலர்ந்திருக்கும். மண்புழுக்கள் ஈரம் நாடி ஆழத்தில் இருக்கும். ஆடியில் விரலால் குழியிட்டு விதை ஊன்றினால் போதும். அதன்பின் மண்ணைக் கிளறாது, காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுக. ஈரம் காக்கப்படும், களையும் குறையும், மண்புழுக்கள் தாமே வந்து மண்ணைப் பொலபொலப்பாக்கும். ஈரறிவுயிராகிய அவற்றைப் பெட்டியில் அடைத்து, கவனிக்க மறந்து, வெயிலில் மடிய விடுவதினும் இதுவே சாலச் சிறந்தது.

இயற்கை உரம் யாவும் அகிம்சை உரமா?

இங்கு நம்மவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். இயற்கை உரம் என்ற பெயரில் கடைகளில் எலும்புத்தூளும் இரத்தத்தூளும் விற்கப்படுகின்றன. மீன் அமிலமும் முட்டைக் கரைசலும் இயற்கை வேளாண்மை நூல்களில் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை இரசாயனம் அல்ல என்பது மெய்யே. ஆயினும் நம் அடுப்பங்கரைக்குள் நுழையாத பொருள், நம் கீரைப்பாத்திக்குள் மட்டும் நுழைவது எங்ஙனம் பொருந்தும்? ஆயத்தமாக விற்கும் உரக்கலவைகளை வாங்கும்போது பையின்மீது அச்சிட்டுள்ள பொருட்பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குக.

இவற்றிற்கு மாற்று நம்மிடமே உண்டு. பயிர் வளர்ச்சிக்குக் கடலைப் பிண்ணாக்கும் மக்கிய சாணமும் போதும். விறகுச் சாம்பலைச் சிறிதளவு இட்டால் சாம்பல்சத்து கிடைக்கும். பூ உதிராது காய் பிடிக்க, புளித்த மோரும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு வாரம் ஊறவைத்துப் பெறும் தேமோர்க் கரைசலை நீர் கலந்து தெளிக்கலாம். அரப்பு இலையும் மோரும் சேர்ந்த கரைசலும் நல்ல பயன் தரும்.

சமையலறைக் கழிவை மக்கவைக்கும்போது, ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு சேர்த்து, மேலும் சருகால் நன்கு மூடிவிடுக. மூடாது விட்டால் ஈ மொய்த்து முட்டையிடும். பின்னர் அப்புழுக்களை என் செய்வது என்ற இக்கட்டு நேரும். இரண்டு மூன்று திங்களில் மண்வாசனையுடைய உரம் கிடைத்துவிடும். சருகைக் கொளுத்தும் வழக்கத்தை அறவே விடுக. ஒரு சருகுக் குவியலில் வாழும் உயிர்களுக்குக் கணக்கில்லை.

பூச்சிகள்: நம் விரதத்துக்குச் சோதனை

கேரள மாநிலம் காசர்கோடு பகுதியில் முந்திரித் தோட்டங்களின்மீது இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் உற்ற துன்பம் நாடறிந்தது. 2011-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது. பூச்சிக்கென்று தெளித்த நஞ்சு பூச்சியோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயின் நஞ்சின்றிப் பயிரைக் காப்பது எவ்வாறு? வருமுன் காப்பதே முதல் வழி. தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகி அசுவினி மொய்க்கும். எனவே உரத்தை அளவோடு இடுக. செடிகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும். ஒரே பயிரை நெருக்கி வைக்காது கலந்து வைக்க. வரப்போரம் துலுக்கச் சாமந்தியை நடுக. இளங்கத்தரிச் செடிகளை மெல்லிய வலையால் மூடலாம். பாகல், புடலைப் பிஞ்சுகளைக் காகிதப் பையிலோ பழந்துணியிலோ பொதிந்துவிட்டால் பழ ஈ முட்டையிட இயலாது. ஓர் உயிரும் மடியாது, காயும் சொத்தையாகாது.

புழு வந்துவிட்டால், இலையோடு கிள்ளி எடுத்து, தொலைவில் உள்ள புதரில் விட்டுவிடலாம். அசுவினி சிலவே இருப்பின் பொறிவண்டுகள் வரும்வரை பொறுத்திருக்கலாம். அவற்றின் உணவு அவற்றின் இயல்பு; அதில் நம் சங்கல்பம் இல்லை. வேப்பங்கொட்டைச் சாற்றைப் பலரும் தீங்கற்றது என எண்ணுவர். அது இலைக்குக் கசப்பேற்றிப் பூச்சியை விலக்குவது உண்மையே. ஆயினும் உண்ட புழு தோலுரிக்க இயலாது மடிவதும் உண்டு. எனவே புழு இல்லாத காலத்தில் முற்காப்பாக மட்டும் அதைத் தெளித்தல் நலம். அதுவும் தேனீக்கள் திரும்பிய பின், பொழுது சாயுமுன் தெளிக்க வேண்டும். மஞ்சள் ஒட்டு அட்டை, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி ஆகியன இயற்கை முறை எனப் போற்றப்பட்டாலும் அவை கொல்வதற்கென்றே அமைந்தவை. அவை நமக்கு உரியன அல்ல.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது. தேங்கினால் கொசு முட்டையிடும். ஓரிரு நாளில் அது பொரித்துவிடும். புழு நெளியும் நீரைக் கொட்டினாலும் பாவம், கொட்டாவிட்டாலும் இடர். தேங்காமற் காப்பதே இரண்டையும் தவிர்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில காய்கள் பூச்சிக்குப் போகும். போகட்டும், பத்துக் காயில் இரண்டு பிற உயிர்க்கு என்று எண்ணும் மனம் வாய்த்தால் அதுவும் தானமே.

பறிக்கும் முறை

நாவல் மரத்தடியில் நின்ற அறுவர் கதையை நாம் அறிவோம். பழத்துக்காக மரத்தையே வேரோடு சாய்க்க எண்ணினான் ஒருவன். உதிர்ந்த பழமே போதும் என்றான் மற்றொருவன். இலேசியையை விளக்க வந்த அக்கதை நம் தோட்டத்துக்கும் பொருந்தும். வேரோடு பிடுங்கும் கீரையினும் முருங்கை, அகத்தி, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி போன்று கிள்ளிப் பறிக்கும் கீரைகளைத் தேர்ந்து வளர்க்க. செடி வாழும், நமக்கும் உணவு கிடைக்கும். கிழங்கு வகைகளை விலக்கிக் காய்களையும் கொடிகளையும் வளர்ப்பின் மண்ணையும் தோண்ட வேண்டுவதில்லை. பகல் ஒளியில் பறித்து, இலையிலையாகப் பார்த்து, ஒட்டியிருக்கும் சிற்றுயிரைச் செடியிலேயே விட்டுவருக. மாலை உணவைக் கதிரவன் மறையுமுன் முடிக்கும் நம் இல்லங்களுக்கு இது இயல்பாகவே அமையும்.

இப்பணியில் குழந்தைகளையும் ஈடுபடுத்துங்கள். மண்புழுவுக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு, தேனீக்கு நாலறிவு என்று ஏட்டில் படிக்கும் பாடத்தை அவர்கள் ஒரு கத்தரிச் செடியின் அடியில் கண்ணாரக் காண்பர்.

ஒரு கொல்லைத் தோட்டத்தால் சந்தை மாறிவிடாது. ஆயினும் நாம் வாங்காது விட்ட ஒவ்வொரு கூடைக் காய்க்கும் ஈடான நஞ்சு, நம் பொருட்டுத் தெளிக்கப்படவில்லை என்ற நிறைவு உண்டு. அம்மூதாட்டியார் இவ்வாண்டு தம் கொல்லையில் இரண்டு அவரைக்கொடி ஏற்றியுள்ளார். வினா எழுப்பியவரே விடையையும் தொடங்கிவிட்டார். வரும் ஆடிக்குள் நாமும் தொடங்குவோமாக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நால்வகை இம்சைகளுள் இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டியது எது? ஏன்?
2. மண் கிளறும் பணியைக் கோடையிலேயே முடிக்க வேண்டுவதன் காரணம் யாது?
3. இயற்கை முறையாயினும் அகிம்சைக்குப் பொருந்தாதன எவை? மூன்றினைக் கூறுக.