ஓடுதலும் இயங்குதலும்

உலகிலுள்ள பொருள்கள் எண்ணில. அவற்றின் செயல்களும் எண்ணில. அவை அனைத்திற்கும் தனித்தனிச் சொல் படைத்துக்கொள்ள எந்த மொழியாலும் இயலாது. ஆதலின், ஒரு சொல்லே பல பொருளை உணர்த்துதலும், ஒரு பொருளே பல சொல்லால் உணர்த்தப்படுதலும் எல்லா மொழிக்கும் இயல்பாம். இவ்வியல்பை நன்கு அறியாதார் ஒரு மொழியில் உள்ளதைப் பிறிதொரு மொழியில் பெயர்க்கப் புகின் பொருள் திரிந்துபோம். அத்திரிபு சில இடங்களில் நகைப்பை விளைவிக்கும். சில இடங்களிலோ உயிர்க்கும் உறுப்புக்கும் ஊறு விளைவிக்கும்.

சென்னையிலிருந்து தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருவழியில் மறைமலை நகர் அமைந்துள்ளது. ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய ஊர்களும் அதற்கு அணிமையில் உள்ளன. மகிழுந்துகளையும் அவற்றின் உறுப்புகளையும் ஆக்கும் தொழிற்சாலைகள் இப்பகுதியில் மிகுதி. இத்தகைய தொழிற்சாலையில் புதிதாகப் பணி ஏற்கும் இளைஞனுக்கு அடிக்கடி எதிர்ப்படும் ஆங்கில வினைச்சொல் ஒன்றுண்டு. அது 'ரன்' என்பது. நடைவழியில் ஓடலாகாது என்று எச்சரிக்கும் பலகையில் அச்சொல் இருக்கும். பொறியைத் தொடங்கும் விசையின்மேலும் அச்சொல் இருக்கும். பொறி தொழிற்பட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் விளக்கின் கீழும் அதுவே இருக்கும். பள்ளியில் அச்சொல்லுக்கு 'ஓடு' என்னும் ஒரு பொருளை மட்டுமே மனப்பாடம் செய்தவன் இம்மூன்றையும் எவ்வாறு வேறு பிரித்து உணர்வான்?

கால்களால் விரைந்து செல்லுதலே அச்சொல்லுக்கு முதற்கண் தோன்றும் பொருள். அப்பொருளிலிருந்து அது கிளைத்த கிளைகள் பலப்பல. 1928-ஆம் ஆண்டில் முதற்பதிப்பு நிறைவெய்திய ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியில் மிகுந்த இடம் பெற்ற வினை 'செட்' என்பதாகும். பின்னர் அவ்வகராதியைத் திருத்தி அமைத்த அறிஞர்கள், 'ரன்' என்னும் வினைக்கு மட்டும் 645 பொருள்கள் உளவென 2011-ஆம் ஆண்டளவில் கணக்கிட்டனர். கடிகாரமும் தொடர்வண்டியும் ஆலைப்பொறியும் கணிப்பொறியும் பெருகப் பெருக, அவற்றின் தொழிலையெல்லாம் அவ்வொரு வினையாலேயே ஆங்கிலேயர் குறிக்கலாயினர். பொருள் பெருகியமைக்கு அதுவும் ஒரு காரணமாம்.

ஆங்கிலேயர் அவ்வொரு வினையால் கூறும் இடங்களில் தமிழர் கூறுமாறு காண்க. குழந்தை ஓடுகிறது, வெள்ளம் பாய்கிறது, மூக்கு ஒழுகுகிறது, துணியின் சாயம் கரைந்து பரவுகிறது, சாலை ஊர் நடுவே செல்கிறது, வணிகன் கடை நடத்துகிறான், வீட்டில் அரிசி தீர்ந்துபோகிறது. இவற்றுள் ஒன்றன் வினையை மற்றொன்றுக்கு இட்டால் தமிழ் தமிழாக இராது. இன்னும் ஒரு வியப்புண்டு. தேர்தலில் போட்டியிடுவாரை 'ஓடுகிறார்' என்னும் பொருள்படக் கூறுவது அமெரிக்க வழக்கு. 'நிற்கிறார்' என்பது இங்கிலாந்தின் வழக்கு. தமிழ் வழக்கும் அதுவே. ஓடுதலும் நிற்றலும் தம்முள் முரணான தொழில்கள். எனினும் ஈண்டு இரண்டும் ஒரு பொருளையே உணர்த்துகின்றன. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்ப்பவன் ஓடாதவரை ஓடச் செய்துவிடுவான்.

இனி, தொழிற்சாலையின் விசைக்கும் விளக்கிற்கும் வருவோம். பொறி தானே தொழிற்படுதலையும், ஒருவன் அதனைத் தொழிற்படுத்தலையும் ஆங்கிலம் அவ்வொரு வடிவத்தாலேயே குறிக்கும். தமிழிலோ தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவ வேறுபாடு பல வினைகளில் தெளிவாக உண்டு. ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. நட என்பது தன்வினை. நடத்து என்பது பிறவினை. அவ்வாறே, இயங்கு என்பது தன்வினை. இயக்கு என்பது பிறவினை. மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்த அளவில் செய்பவன் வேறாகிவிடுகின்றான். திருந்து, திருத்து என்பவற்றிலும், அடங்கு, அடக்கு என்பவற்றிலும் இதனைக் காணலாம்.

ஆகவே, விசையின்மேல் 'இயக்கு' என்றும், விளக்கின் கீழ் 'இயங்குகிறது' என்றும், நடைவழியில் 'ஓடாதீர்' என்றும் எழுதிவிட்டால் ஐயத்திற்கு இடமே இல்லை. முதலாவது தொழிலாளிக்குக் கூறும் செயல்முறை. இரண்டாவது பொறியின் நிலையை அறிவிப்பது. மூன்றாவது நடப்பாரைத் தடுப்பது. இயங்கும் பொறியை நின்றதாகக் கருதிக் கை நீட்டுபவன் விரலை இழத்தல் கூடும். ஆதலின் இவ்வேறுபாடு ஏட்டிலக்கணம் மட்டுமன்று. கையையும் விரலையும் காக்கும் இலக்கணமுமாம்.

மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் மகிழுந்துத் தொழிற்சாலை 1990-களில் அமைந்தது. 2022-ஆம் ஆண்டில் அங்கு மகிழுந்து ஆக்கம் நின்றது. அதன் வரலாற்றைத் தமிழில் எழுதுவோன், நிறுவனம் ஆலையை நடத்தியது என்பான். தொழிலாளர் பொறிகளை இயக்கினர் என்பான். ஆக்கப்பட்ட வண்டிகள் சாலைகளில் ஓடின என்பான். ஆங்கிலத்தில் இம்மூன்றற்கும் ஒரு வினையே போதும். தமிழில் மூன்று வினை வேண்டும். மூன்றும் தமிழில் உண்டு.

இதனால் தமிழ்ச் சொல் ஒரு பொருளோடு நின்றுவிடும் என்று எண்ணலாகாது. 'ஓடு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. பெயராயின் அது கூரை ஓடு, ஆமை ஓடு, இரப்போர் ஏந்தும் திருவோடு என வரும். உருபாயின் 'தாயோடு' என மூன்றாம் வேற்றுமையை உணர்த்தும். வினையாயின் காலம் ஓடும், எண்ணம் ஓடும், திரைப்படமும் நூறு நாள் ஓடும். புதிய தேரை முதன்முதல் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்பர். புதிய வண்டிக்கும் அச்சொல் பொருந்தும். பிறர்பால் கண் சென்று இரங்குதலைக் கண்ணோட்டம் என்பர். திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

சொல்லின் இவ்விருவகை இயல்பையும் தமிழர் பண்டே ஆராய்ந்தனர். கொடுத்தற் பொருளில் வரும் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரு தன்மையன அல்ல என்றும், கேட்பவன் தாழ்ந்தவனோ ஒத்தவனோ உயர்ந்தவனோ என்பதற்கேற்ப அவை முறையே வரும் என்றும் தொல்காப்பியர் வரையறுத்தார். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருட்குரிய பல பெயரையும், ஒரு சொற்குரிய பல பொருளையும் தொகுத்துரைத்தன. திண்ணைப் பள்ளி மாணவர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக அமைந்தது. இத்தாலி நாட்டில் பிறந்த அவர் தமிழைக் கற்ற முறை, பிறமொழி கற்பார்க்கெல்லாம் நல்லதொரு வழிகாட்டியாம்.

அவ்வூர்ப் பெயரும் இப்பாடத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகின்றது. 1876-ஆம் ஆண்டில் பிறந்த மறைமலையடிகளின் இயற்பெயர் வேதாசலம். வடமொழியும் ஆங்கிலமும் ஆழ்ந்து கற்ற அவர், தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட பின்னர்த் தம் பெயரையும் தமிழாக்கிக் கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. அசலம் என்பதன் வேர்ப்பொருள் அசையாதது என்பதே. வேர்ப்பொருளை மட்டும் பற்றி நின்றிருப்பின் அப்பெயர் 'மலை' என முடிந்திராது. வழக்கில் அச்சொல் எதனைச் சுட்டியது என்று நோக்கியே அவர் பெயர்த்தார். 'நகர்' என்னும் சொல்லும் அத்தகையதே. அது பெயராயின் பேரூர், பழைய வழக்கில் மாளிகையும் கோயிலும் ஆம், வினையாயின் இடம்பெயர்தலாம்.

ஆதலின், பிறமொழி கற்கும் மாணவர் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே என்று கொள்ளாதிருப்பாராக. வினையொன்றைக் கண்டவுடன், செய்பவர் யார், செயப்படுவது எது, அது நிகழும் இடம் யாது என்று வினவுவாராக. இம்மூன்றும் தெளிந்தால் உரிய தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும். அங்ஙனம் பயில்வார்க்குப் பிறமொழியும் எளிதாம். தாய்மொழியின் வளமும் புலனாம்.