மழைக் கணக்கும் மலைச் சரிவும்: கேமரன் மலை தீவுகளிடம் கற்க வேண்டியவை

கேமரன் மலையைப் பற்றி எழுத வந்துவிட்டுத் தீவுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். மலைநாட்டில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த ஒப்பீடு வலிந்து செய்வதாகத் தெரியவில்லை. தீவைச் சுற்றிக் கடல். மலையைச் சுற்றிச் சரிவு. இரண்டிலும் வீடு கட்டத்தக்க சமநிலம் குறைவு. உள்ளே வரும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாப்பா சாலையில் மண் சரிந்தால் ரிங்லெட் மக்கள் படும் பாடு, படகு நின்றுபோன தீவுவாசியின் பாடுதான்.

காலநிலை மாற்றத்திற்கு ஏற்பத் திட்டமிடுவதில் இன்று உலகெங்கும் ஊராட்சி மன்றங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன. அதிகாரிகள் பயணம் போகிறார்கள், மாநாடு கூட்டுகிறார்கள், ஒரு நகரத்தின் திட்ட அறிக்கை மற்றொரு நகரத்தின் மேசைக்கு வருகிறது. நல்ல முயற்சிதான். ஆயினும் யார் யாரிடம் கற்பது, எதைக் கற்பது என்ற கேள்வி முக்கியமானது. கேமரன் மலை மாவட்ட மன்றம் ஒரு தீவிடம் பாடம் கேட்பதானால், முதலில் எந்தத் தீவுக்குப் போக வேண்டும்?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பினாங்கு. அதில் நியாயம் உண்டு. கேமரன் மலையைப் போலவே பினாங்கு மலையும் கருங்கல் பாறை சிதைந்து உருவான மண்ணால் ஆனது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் சரிந்து பதினொருவர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபரில் புக்கிட் கூகுஸ் சாலைப் பணியிடத்தில் ஒன்பது தொழிலாளர்கள் மண்ணில் புதைந்தனர். பின்னர் பினாங்கு மாநில அரசும் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் ஐ.நா. குடியிருப்புத் திட்டத்தின் துணையோடு 10 மில்லியன் அமெரிக்க டாலர் நிதியைப் பெற்றன. மரம் நடுதல், மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் குட்டைகள், நகரத்தின் வெப்பத்தைத் தணித்தல் ஆகியவை அத்திட்டத்தின் கூறுகள். சிறிய ஊர் ஒன்று உலக நிதியை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதைப் பினாங்கிடம் கற்கலாம். ஆனால் அது நகரத்திற்கான திட்டம். அதில் லயம் இல்லை, தோட்டமும் இல்லை.

என் பார்வையில் நாம் முதலில் பார்க்க வேண்டிய தீவு இலங்கை.

2014ஆம் ஆண்டின் இரண்டு புதன்கிழமைகளை நினைவுகூர்வோம். அக்டோபர் 29ஆம் நாள் காலையில், பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயன் வீடுகள் வரிசையாக மண்ணுக்குள் போயின. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. சரியாக ஏழு நாள் கழித்து, நவம்பர் 5ஆம் நாள், இங்கே ரிங்லெட்டையும் பெர்த்தாம் பள்ளத்தாக்கையும் சேற்று வெள்ளம் புரட்டிப் போட்டது. இங்கும் உயிர்கள் போயின. அதற்கும் ஓராண்டுக்கு முன், 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் இதே பள்ளத்தாக்கில் புகுந்திருந்தது. 1960களில் கட்டப்பட்ட அந்த அணையின் நீர்த்தேக்கத்தை, மேலேயுள்ள காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்தும் வந்த வண்டல் தூர்த்துவிட்டது. அதனால் பெருமழை பெய்தால் நீரைப் பிடித்துவைக்க இடம் போதுவதில்லை. (நன்றாக மூடி வளர்ந்த தேயிலைச் செடி மண்ணைக் காக்கும். பழியைத் தேயிலை மீது போடுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.)

மீரியபெத்தையில் நம்மை உறுத்த வேண்டிய செய்தி வேறொன்று. அந்த இடம் ஆபத்தானது என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. எச்சரிக்கையைக் கையில் வாங்கி, மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் கை எது என்பதுதான் தெளிவாக இல்லை.

ஏன் தெளிவாக இல்லை? இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். இலங்கையில் கிராமப்புற ஊராட்சி அமைப்பு பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத் தமிழர்கள் வாக்களித்துச் சபையைத் தேர்ந்தெடுக்கலாம், உறுப்பினராகவும் அமரலாம், ஆனால் தங்கள் லயத்துக்குப் போகும் பாதையைச் சபைப் பணத்தில் செப்பனிட முடியாது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல் வந்த திருத்தச் சட்டம்தான் இந்தக் கதவைத் திறந்தது.

நம் நாட்டில் அப்படியொரு வெளிப்படையான தடை இல்லையே என்று தோன்றும். ஆனால் பொறுப்புகள் பிரிந்து கிடக்கும் விதத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தரம் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தின் கீழ் மனிதவளத் துறையின் பார்வையில் வருகிறது. அணை, தெனாகா நேஷனலுடையது. சாலையோரச் சரிவுகளைப் பொதுப்பணித் துறை கவனிக்கிறது. அதற்கெனச் சரிவுப் பொறியியல் பிரிவு 2004இல் அமைக்கப்பட்டது. நிலம் மாநில அரசின் கையில். தோட்டமோ தனியார் நிலம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி இயங்கும் மாவட்ட மன்றத்துக்கு எஞ்சுவது என்ன? குப்பை, கடை உரிமம், கட்டட அனுமதி. மன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. ஆகவே கேமரன் மலையின் தகவமைப்புத் திட்டம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும், லயங்கள் இருக்கும் இடம் அதில் வெறும் பச்சை நிறமாக மட்டுமே இருந்துவிடும் ஆபத்து உண்டு. இலங்கையிடம் கற்க வேண்டிய முதல் பாடம் இது. தோட்டத்தை ஊராட்சியின் வரைபடத்துக்குள் கொண்டுவர அவர்களுக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

அடுத்த பாடம் மழைக் கணக்கு. இதை மாணவர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இலங்கையின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைப்பகுதி மக்களுக்கு மூன்று எண்களைச் சொல்லிக்கொடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாயிரு. 100 ஆனால் புறப்படத் தயாராகு. 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேறு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி. இதன் பின்னாலுள்ள கணக்கும் எளியதுதான். ஒரு ஹெக்டர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் கன மீட்டர் நீர், அதாவது ஆயிரம் டன். அதில் ஒரு பங்கு ஓடிவிடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். மண்துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏற ஏற, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். முந்தைய நாள்களிலேயே மண் ஊறியிருந்தால் குறைந்த மழையே போதும்.

ஆனால் இந்த மூன்று எண்களை அப்படியே கொண்டுவந்து ரிங்லெட்டில் ஒட்டிவிட முடியாது. இலங்கை மலையகத்தின் பாறை வேறு, நம் பாறை வேறு. முறையை இரவல் வாங்கலாம். எண்ணை இங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே எப்போது சரிந்தது என்ற தேதிகளை ஒரு பக்கமும், அந்தந்த நாளிலும் அதற்கு முந்தைய நாள்களிலும் பெய்த மழையை மறு பக்கமும் எழுதி ஒப்பிட வேண்டும். தேதிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை: 1961 மே மாதத்தில் ரிங்லெட், 2011 ஆகஸ்டில் சுங்கை ருயில் பூர்வகுடி கிராமம், அங்கே எழுவர் மாண்டனர், 2014, 2024. மழைக்கு எங்கே போவது?

தோட்டத்துக்குத்தான். என் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தினமும் காலையில் அலுவலகத்துக்கு வெளியே நின்ற மழைமானியின் நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. உரம் போடவும் கொழுந்து எடுக்கும் சுற்றைத் திட்டமிடவும் துரைமார்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. மனிதர்களைக் காக்கவும் அது உதவும் என்று அன்று எவரும் நினைக்கவில்லை. மலையில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் தூறலாக இருக்கும். ஊருக்கொரு வானிலை நிலையம் சொல்லாததைத் தோட்டத்துக்கொரு மழைமானி சொல்லும்.

இது கற்பனையன்று என்பதற்குக் கேரளத்தின் வயநாடு சான்று. அங்கே ஹியூம் சூழலியல் நிலையம் விவசாயிகளிடமும் தோட்டங்களிலும் 200க்கும் மேற்பட்ட மழைமானிகளை வைத்துத் தினமும் அளவு சேர்த்துவந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தது. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அருகிலிருந்த புத்துமலை மழைமானி 570 மில்லிமீட்டருக்கு மேல் காட்டியிருந்தது. முந்தைய நாள் காலையிலேயே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக நிலையம் பின்னர் கூறியது. இருந்தும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தனர். மீண்டும் அதே கேள்வி: எண் வந்து சேர்ந்தபின் கதவைத் தட்டும் அதிகாரம் யாருக்கு?

கதவைத் தட்டுபவர் எந்த மொழியில் பேசுவார் என்பதும் தமிழ் பயிலும் நமக்குரிய கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையக மாவட்டங்கள் நிலச்சரிவால் சிதைந்தன. அப்போது எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவு வரவில்லை, வந்தவையும் தாமதமாக வந்தன என்ற குறை பரவலாக எழுந்தது. நமக்கு இது மனத்தைக் குத்தும் செய்தி. ஆனால் நம் மலையைப் பாருங்கள். 2024 ஜனவரியில் புளூவேலி நிலச்சரிவில் இறந்த ஐவரும் மியன்மார் தொழிலாளர்கள். தேயிலைத் தோட்டங்களிலும் இன்று கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசத்தினர், நேப்பாளியர், இந்தோனேசியர். நம் பாட்டன்மார் இருந்த லயத்தில் இன்று இருப்பவர் அவர்கள். பதுளையில் தமிழில் வராத எச்சரிக்கைக்காக வருந்தும் நாம், ரிங்லெட்டில் நேப்பாளியிலும் வங்காளத்திலும் பர்மிய மொழியிலும் எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டதுண்டா?

மாவட்ட மன்றம் பயணம் போவதானால் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பிரதேச சபைகளுக்குப் போகட்டும். 2018க்குப் பிறகு தோட்டத்துக்குள் என்ன செய்ய முடிந்தது, எது இன்னும் தடுக்கிறது, வெளியேறச் சொல்லும் உரிமை தோட்ட நிர்வாகத்துக்கா கிராம அலுவலருக்கா என்று கேட்டு வரட்டும். பேசுவதற்குத் தமிழே போதும்.

பயணத்துக்கு முன் இங்கேயே செய்யக்கூடிய வேலையும் உண்டு. பழைய மழைப் பதிவேடுகள் தோட்ட அலுவலகங்களின் அலமாரிகளிலோ, ஓய்வுபெற்ற கிராணிமார் வீட்டுப் பெட்டிகளிலோ இருக்கக்கூடும். கரையான் முந்திக்கொள்வதற்குள், அனுமதி பெற்று அவற்றைப் படமெடுத்து எண்களைத் தட்டச்சு செய்ய நிலவியல் துறை மாணவர்கள்தாம் வேண்டும் என்பதில்லை. என் தாத்தாவின் பதிவேட்டைப் போலப் பழைய பக்கங்களில் மழை அங்குலத்தில் இருக்கும். மில்லிமீட்டராக்க 25.4ஆல் பெருக்க வேண்டும்.