முதலில் கீபோர்டைப் பாருங்கள், காப்பு பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: நான் பிரிஞ்சாங் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மகன் நான்காம் படிவம். கோயில் பஜனைக் குழுவின் இரவல் கீபோர்டில்தான் வாசிக்கப் பழகினான். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறான். கிள்ளானிலிருந்து ஒருவர் 61 கட்டை யமாஹா கீபோர்டை 1,500 வெள்ளிக்கு விற்பதாக ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார். 300 வெள்ளி முன்பணம் அனுப்பினால் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். வேறு இரண்டு பேர் கேட்கிறார்களாம். என் கையில் 600 வெள்ளிதான் இருக்கிறது. மாதம் 150 வெள்ளி மிச்சம் பிடிக்கலாம். அம்மா கொடுத்த 916 காப்பு ஒன்று உண்டு. அதை விற்கலாமா, அடகு வைக்கலாமா? மூத்த மகள் தன் பழைய ஐபோனையும் விற்றுத் தருகிறேன் என்கிறாள். பஜனைக் குழுவினர் ஜப்பான் பழைய சாமான் கடையில் ஓர் ஆம்ப்ளிஃபயர் பார்த்து வைத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பதில்: சகோதரி, அந்த 300 வெள்ளியை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே உங்கள் வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழையுங்கள். இணைய மோசடிக்காக 2022-இல் தொடங்கிய தேசிய மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வழியுண்டு.

கிள்ளான்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் முன்பணம், அவசரம், கூரியர் மூன்றும் ஒன்றாக வரும்போது அவர் நல்லவரா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. போலீஸின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டினால், அதன்மேல் புகார் உண்டா என்று தெரியும். மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். புகார் இல்லை என்று வந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நேற்றுத் திறந்த கணக்குக்கு எங்கிருந்து புகார் வரும்? ஐ.சி. படத்தை வாட்சாப்பில் அனுப்பினாலும் அது அவருடையதுதானா என்பது தெரியாது.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஈப்போவில் பகல் நேரத்தில் சந்திக்கலாமா? வாசித்துப் பார்த்துவிட்டு முழுப் பணமும் கையில் தருகிறேன்." உண்மையாக விற்பவர் தேதியைப் பேசுவார், பெட்ரோல் காசு கேட்பார். மற்றவர் கோபப்படுவார், இல்லையென்றால் மறைந்துபோவார். சிம்பாங் பூலாய் பாதையில் நீங்கள் ஈப்போவுக்கு இறங்கிவரும் பேருந்துச் செலவு, 300 வெள்ளியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இப்போது காப்பு. விற்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். கடையில் விற்றால் கூலிக்குக் கொடுத்த பணம் திரும்பாது. எடைக்கு மட்டும்தான் விலை. அதுவும் அவர்கள் விற்கும் விலையில் வாங்கமாட்டார்கள். கல் இருந்தால் அதன் எடையையும் கழிப்பார்கள். அப்படியும் விற்க நேர்ந்தால், வாங்கிய கடையின் ரசீதை எடுத்துக்கொண்டு குறைந்தது இரண்டு கடையில் கேளுங்கள். தராசு உங்கள் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும்.

அடகென்றால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டப்படி மாதம் 2 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, மீட்க ஆறு மாதத் தவணை. உங்களுக்குக் குறைவது 900 வெள்ளி. மாத வட்டி 18, ஆறு மாதத்துக்கு 108. ஆக 1,008 வெள்ளி கட்டினால்தான் காப்பு திரும்பும். மாதம் 150 வீதம் ஆறு மாதத்தில் நீங்கள் சேர்ப்பது 900. இடிக்கிறது, பார்த்தீர்களா? மீட்கத் தவறினால் சிறு தொகைக்கு வைத்த நகை கடைக்கே போய்விடும். பெரிய தொகை என்றால் ஏலம். ஏலத்தில் கடன்போக மிஞ்சியதை நீங்கள் கேட்டு வாங்க உரிமை உண்டு. எத்தனை பேர் போய்க் கேட்கிறார்கள்? தெரியாமலே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டு மாதம் பொறுத்தால் கையில் 900 ஆகும். 600 வெள்ளிக்கு மட்டும் அடகு வைத்தால் வட்டி மாதம் 12. ஐந்து மாதத்தில் நீங்கள் 750 சேர்ப்பீர்கள், கட்ட வேண்டியது 660. காப்பு வீட்டுக்கு வந்துவிடும். வங்கிகளின் அர்-ரஹ்னு அடகையும் விசாரியுங்கள். அக்ரோபேங்க், பேங்க் ராக்யாட் இரண்டிலும் உண்டு, முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம். வட்டிக்குப் பதிலாகப் பாதுகாப்புக் கூலி வாங்குவார்கள். அந்தக் கூலியையும் அடகுக் கடை வட்டியையும் ஒப்பிட்டு எது குறைவோ அங்கே போங்கள். அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எதுவானாலும் கீபோர்டைப் பார்த்து, வாசித்து, விலை முடிந்த பிறகுதான் காப்பைத் தொட வேண்டும். முன்னாலேயே நகையைப் பணமாக்கிக்கொண்டு போனால், குறை தெரிந்தாலும் "பரவாயில்லை" என்று வாங்கிவிடத் தோன்றும். தைப்பூசத்துக்கு இன்னொரு தடவை இரவல் கீபோர்டில் வாசிக்கட்டும். முருகன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

கீபோர்டைச் சோதிப்பது எப்படி? அவசரப்படாமல் அரை மணி நேரமாவது ஓடவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு தலைகாட்டும் கோளாறுகள் உண்டு. 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி வாசிக்க வேண்டும். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தொடுப்பு தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ ஒரு கட்டை பேசாது, அல்லது மெதுவாகத் தொட்டாலும் கத்தும். ஒன்றிரண்டு கட்டை என்றால் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வரிசையாக ஒரு பகுதியே பேசாவிட்டால் கோளாறு உள்ளே பலகையில் இருக்கலாம், விட்டுவிடுங்கள். ஒலி அளவுத் திருகைத் திருப்பும்போது கரகரப்பு கேட்கிறதா? ஹெட்போன் ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகி எடுங்கள். எடுத்த பிறகு ஸ்பீக்கர் பேசாவிட்டால் துளையில் பழுது.

பேட்டரி மூடியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரமான இடத்தில் கிடந்த கருவி என்பது திருகுகளின் துருவிலேயே தெரியும். 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியோடு வாழும் உங்களுக்கு நான் ஈரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மேலே வந்த பிறகு அந்தக் கருவிக்கும் அதுதான் எதிரி. வாசித்து முடித்ததும் துணியால் மூடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பையில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குழுவில் ஆர்மோனியம் இருந்தால் அதற்கும் இதே கவனம் வேண்டும். அதன் ரீடுகளில் களிம்பேறினால் சுருதியே போய்விடும்.

அடாப்டர் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். வீட்டில் கிடக்கிற வேறொன்றை மாட்டிவிடக் கூடாது. யமாஹாவின் 12 வோல்ட் அடாப்டரில் நடுமுனை நேர்மின். பழைய காசியோ பலவற்றில் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். மாற்றி மாட்டினால் கருவியே போய்விடலாம்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் குழுவினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது? 2016-இல் ஜாலான் ஜாலான் ஜப்பான் கடைகள் இங்கே வந்ததிலிருந்து ஜப்பானியப் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறது, தரமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் சுவரில் 230, 240. செருகிய கணமே எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன். 100 மட்டும் எழுதியிருந்தால், அதன் வாட் அளவைத் தாங்குகிற மின்மாற்றியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோயிலில் ஆள் மாறி ஆள் வந்து செருகும் பொருள் அது. யாராவது ஒருவர் மின்மாற்றியை மறந்தாலே போதும். ஆகவே கோயிலுக்கு அதை வாங்க வேண்டாம் என்பேன்.

பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: மாடல், கருவியின் அடியில் இருக்கும் வரிசை எண், விலை, தேதி, விற்பவரின் பெயர், ஐ.சி. எண், கையெழுத்து. பொருள் திருட்டுச் சாமானாக இருந்தால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் சொந்தக்காரர் திரும்பக் கேட்கலாம். அப்போது நீங்கள் தெரியாமல் வாங்கியவர் என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கும். கடையில் வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம். தனி ஆளிடம் வாங்கியதற்கு அந்த வழி கிடையாது.

மகளின் ஐபோனுக்குப் பெட்டியும் ரசீதும் இருந்தால் விலை கூடும். *#06# தட்டினால் வரும் எண் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். விற்கும் முன் வங்கிச் செயலிகளையும் டச் அண்ட் கோவையும் புதுப் போனுக்கு மாற்றிவிட்டு, ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். வெளியேறாமல் விற்றால் வாங்கியவரால் அதைத் திறக்க முடியாது, மறுநாள் சண்டை வரும். கடைக்காரர் மகளின் ஐ.சி.யைக் கேட்டால் பயப்பட வேண்டாம். பழைய பொருள் வியாபாரிகளுக்கு 1946-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு, போலீஸ் உரிமம் வேண்டும், யாரிடம் வாங்கினோம் என்று பதிவு செய்ய வேண்டும். தனி ஆளுக்கு விற்றால், பணம் அனுப்பியதாக அவர் காட்டும் படத்தைப் பார்த்துப் போனைக் கொடுக்கக் கூடாது. மகள் தன் வங்கிக் கணக்கைத் திறந்து, தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு கொடுக்கட்டும்.