விழுந்த பின் தூக்குவதா? விழுமுன் காப்பதா?



நம் பெரியவர்களில் ஒருவரைச் சில நாட்களாகப் பள்ளிவாசலில் காணோமென்றால் விசாரிக்கிறோம். "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று பதில் வருகிறது. பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். ஷிபாவுக்காகத் துஆச் செய்கிறோம். "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறோம்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது நம் மீதுள்ள கடமை. துஆவும் அவசியமே. ஆனால் "என்ன செய்வது?" என்னும் கேள்விக்கு இன்று தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையைப் பாடமாக அறிந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஒருவர் இருவர் சங்கதியன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோவதை வைத்தியர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

நம் சிங்கப்பூரிலோ 2030-ஆம் ஆண்டில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராயிருப்பார் என்று அரசாங்கம் கூறுகிறது. 1950, 1960-ஆம் ஆண்டுகளில் ரஜூலா கப்பலில் வந்திறங்கி, ஐந்தடியில் கடை விரித்து நம்மை ஆளாக்கியவர்களில் எஞ்சியிருப்போர் இன்று 80-ஐத் தாண்டியவர்கள். அவர்களைப் பற்றியது இப்பாடம்.

ஏன் விழுகிறார்கள்?

தரை வழுக்குவதால் மட்டும் மனிதன் விழுவதில்லை. அதே ஈரத்தரையில் வாலிபனும் நடக்கிறான். கால் சறுக்கியவுடன் அடுத்த அடியை எடுத்து வைத்துத் தன்னைத் தாங்கிக் கொள்கிறான். முதியவருக்கு அந்த அடி சற்றுத் தாமதமாக வருகிறது. வந்தாலும் உடலைத் தாங்கும் வலு காலில் இருப்பதில்லை.

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண்ணும், காதின் உட்பகுதியும், பாதத்தின் உணர்ச்சியும் சேதி சொல்ல, மூளை கட்டளையிட, கால் தசைகள் வேலை செய்கின்றன. வயது ஏறும்போது இவையெல்லாம் சிறிது சிறிதாகத் தளர்கின்றன. நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தள்ளாட்டம் உண்டாக்கலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் உண்டு.

இவற்றோடு பயமும் சேர்கிறது. ஒரு முறை விழுந்தவர், மறுபடி விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்துக் கொள்கிறார். நடமாட்டம் குறையவே கால் மேலும் பலவீனப்படுகிறது. பலவீனம் மறுபடியும் விழச் செய்கிறது. செக்கு மாடுபோல் இந்த வட்டத்திலேயே பலருடைய கடைசிக் காலம் கழிந்துவிடுகிறது.

அன்பே இடையூறாகலாமா?

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய விஷயமொன்று உண்டு. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு மரியாதை அதிகம். அத்தா தண்ணீர் குடிக்க எழுந்தால், "நீங்க உக்காருங்கத்தா, நான் கொண்டாறேன்" என்று மகன் ஓடுகிறான். அம்மா அடுப்படிக்குப் போனால், "நீங்க ஏம்மா சிரமப்படுறீங்க? போய்ப் படுங்க" என்று மருமகள் தடுக்கிறாள். கடைக்கு வந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்த்தி விடுகிறோம். பெற்றோருக்கு கித்மத்துச் செய்வதில் நன்மை உண்டென்று நம்பியே இவற்றைச் செய்கிறோம். அந்த நிய்யத்தில் குறையில்லை.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நல்ல தேக சுகமுள்ள முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்து போயிற்று. ஆண்டுக்கணக்கில் நாற்காலியிலேயே அமர்த்தப்படுகிறவரின் கால் என்னாகும்?

"அந்தக் காலத்தில் மூட்டை சுமந்தவன் நான், எனக்கெதற்குப் பயிற்சி?" என்பார் சிலர். வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய சரக்கை நம்பி எவரும் இன்று கடை திறப்பதில்லை. விற்கிற சரக்குக்கு ஈடாகப் புதுச்சரக்கு வந்துகொண்டே இருந்தால்தான் அலமாரி நிறைந்திருக்கும். தேகபலமும் அப்படித்தான். தினமும் செலவாகிறது, தினமும் கொள்முதல் செய்யவேண்டும்.

ஆகவே, உண்மையான கித்மத்து எது? எழுந்து நடக்கிற பெரியவரை உட்காரச் சொல்வதன்று. அவர் எழும்போது பக்கத்தில் நிற்பதும், நடக்கும்போது கூடவே நடப்பதுமே அது.

ஆராய்ந்தவர்கள் கண்டது

"இந்த வயதில் இனி பலம் வருமா?" என்ற சந்தேகம் எழலாம். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் ஏறக்குறைய 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கால்களின் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

நியூஸிலாந்தில் ஒட்டாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 80 வயதும் அதற்கு மேலுமுள்ள 233 மூதாட்டிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு உடலியக்கப் பயிற்சியாளர் வீடு தேடிச் சென்று, கால் பலத்துக்கும் உடலின் சமநிலைக்குமான பயிற்சிகளைக் கற்றுக் கொடுத்தார். மற்றப் பிரிவினர் வீட்டுக்கும் அதே அளவுக்குப் போனார்கள், ஆனால் பேசிவிட்டு மட்டும் வந்தார்கள். 1997-இல் வெளியான முடிவு இது: ஓராண்டில், பேசிவிட்டு வந்த வீடுகளில் 152 முறை விழுந்திருந்தார்கள்; பயிற்சி கொடுத்த வீடுகளில் 88 முறைதான். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு மட்டும் வருகிற நமக்கும் இதில் படிப்பினை இருக்கிறது.

2019-இல், 25 நாடுகளில் 23,407 பேரைக்கொண்டு நடந்த 108 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தேகப்பயிற்சி செய்தவர்களிடையே விழுவது 23 விழுக்காடு குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை பலப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடையே 34 விழுக்காடு குறைந்திருந்தது. சீனச் சகோதரர்கள் காலையில் பூங்காக்களில் கூடிச் செய்யும் தாய்ச்சியாலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. வீட்டில் தனியே செய்தாலும் பலன் உண்டு. கூடிச் செய்தாலும் பலன் உண்டு. நடந்தால் மட்டும் விழுவது குறையும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. நடை இருதயத்துக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் நடையோடு நின்றுவிடவும் வேண்டாம்.

எவ்விதப் பயிற்சி?

முதலில் ஒரு சோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பதினைந்து விநாடிக்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, அந்தக் கால்களுக்குக் கவனிப்பு வேண்டும் என்று அறிக.

முன்பே விழுந்தவர்களும், தலைச்சுற்றல், நெஞ்சுவலி, மூட்டு நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டபிறகே தொடங்கவேண்டும். மற்றவர்களுக்குப் பொதுவான பயிற்சிகள் இவை:

1. நாற்காலியிலிருந்து மெல்ல எழுதல், மெல்ல அமர்தல்.

2. பிடித்துக்கொண்டு நின்று இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குதல்.

3. அவ்வாறே குதிகாலில் நின்று, முன்பாதத்தைத் தூக்கி இறக்குதல்.

4. மேசையோரமாகப் பக்கவாட்டில் பத்து அடி போதல், பத்து அடி திரும்புதல்.

5. ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி, நேர்கோட்டில் நிற்றல். பிறகு அப்படியே நடத்தல்.

6. பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல்.

கனமான மேசை, அடுப்படி மேடை போன்ற அசையாத பொருளையே பிடிக்கவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கிவிடும். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். முதலில் இரு கையாலும் பிடிக்கலாம். பழகப் பழக ஒரு கையால், பிறகு இரு விரலால் பிடிக்கலாம். சற்றே கடினமாக இருந்தால்தான் உடல் கற்றுக்கொள்ளும். முற்றிலும் சுலபமாகிவிட்ட பயிற்சியால் பலம் கூடாது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதுமானது. நிறுத்தினால் வந்த பலன் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

வீட்டிலும் பள்ளியிலும்

பயிற்சியோடு இடத்தையும் சீர் செய்யவேண்டும். ஸுபுஹுக்கு இருட்டில் எழுகிறவருக்குப் படுக்கையருகே விளக்கு வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல் சற்று நேரம் கட்டிலில் அமர்ந்திருக்கவேண்டும். தரையில் புரளும் கைலியை உயர்த்திக் கட்டவேண்டும். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தொட்டியில் தூக்கிவைத்து ஒலுச் செய்வது முதியவருக்கு ஆபத்து. உட்கார்ந்து செய்ய ஓர் ஆசனம் போட்டுக் கொடுங்கள். பள்ளிவாசல் படியில் செருப்புகளைக் குவிக்காமல் ஒதுக்கி வையுங்கள். கடைநடையில் பெட்டிகளை வழிமறிக்க அடுக்காதீர்கள். மேல்தட்டிலிருந்து சரக்கெடுக்க முக்காலியில் ஏறுவதைப் பெரியவர்களுக்கு விடாதீர்கள்.

அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் குடிமக்களுக்கு, 2012-இல் தொடங்கிய ஈஸ் என்னும் திட்டத்தின்கீழ் குளியலறையில் கைப்பிடி பொருத்தவும், தரை வழுக்காதபடி செய்யவும் உதவி கிடைக்கிறது. வீட்டின் வகையைப் பொறுத்துச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது. 65 வயதானவர் வீட்டிலிருந்தால், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் உடனே விண்ணப்பியுங்கள்.

தொழுகையும் கால் பலமும்

தொழுகை இபாதத்து, அதைத் தேகாப்பியாசமாக எண்ணுவது முறையன்று. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. நாற்காலியில் தொழுகிறவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஸுஜூதிலிருந்து எழுந்து நிலைக்கு வரும் பலம் பெரியவரிடம் இருக்கும்போதே அதைக் காப்பாற்றிக் கொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. பல பெரியவர்களுக்கு விழுந்ததில் ஏற்பட்ட வலியைக் காட்டிலும், நெற்றியைத் தரையில் வைக்க முடியாமற் போனதே பெருந்துயரம்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று இருந்துவிடலாமா? நாட்டம் அவனுடையதே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கவேண்டுமென்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தேகமும் அவன் தந்த அமானிதமே.

சங்கம் செய்யத்தக்கது

சமூக மன்றங்களிலும் முதியோர் நிலையங்களிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. போகக்கூடியவர்கள் அவசியம் போகவேண்டும். ஆனால் நம் பெரியவர்களில் பலர் போவதில்லை. பாஷை புரிவதில்லை. ஆண் பெண் கலந்து, பாட்டு வைத்துச் செய்யும் இடத்துக்குப் போக நம் தாய்மார்கள் கூசுகிறார்கள். எலும்பு தேய்ந்து முறிவதோ பெண்களுக்கே அதிகம். ஆகவே அதிக அவசியமுள்ளவர்களே வீட்டில் தங்கிவிடுகிறார்கள்.

நம் சங்கம் இதை ஏற்று நடத்தலாம். வாரம் மூன்று நாள், ஆண்களுக்கு அஸருக்குப் பின் அரை மணி நேரம். பெண்களுக்குத் தனி நேரம், தனி இடம், பெண் பயிற்சியாளர். கற்றுக்கொடுப்பவர் முறைப்படி தேறியவராயிருக்க வேண்டும். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல நம் வாலிபர் ஒருவர் போதும். கனமான நாற்காலிகளும் வெளிச்சமுள்ள கூடமும் வேண்டும். வேறு பெரிய செலவில்லை. வியாபாரப் பெருமக்கள் பயிற்சியாளரின் சம்பளத்தை மாதம் ஒருவராகப் பொறுப்பேற்கலாம். கார் வைத்திருப்பவர்கள் பெரியவர்களை அழைத்துவந்து கொண்டுபோய் விடலாம். ஜமாஅத்தாகச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர் விசாரிப்பார். தனியே தொடங்கியவர் சோர்ந்துவிடுவார்; கூடித் தொடங்கியவர் நீடிப்பார்.

ஆகவே நிர்வாகிகள் வரும் கூட்டத்தில் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளக் கோருகிறோம். அதுவரை காத்திராமல், இன்று இஷாவுக்குப் பின் வீட்டுப் பெரியவரோடு மேசையருகே நின்று முதல் பயிற்சியைத் தொடங்குங்கள். நாற்பதைத் தாண்டிய நாமும் சேர்ந்து செய்வோம்; நம் கால்களுக்கும் அந்த நாள் வரவே போகிறது.

நம் பெற்றோர்கள் இறுதிவரை தங்கள் கால்களில் நின்று அவனை வணங்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.