சாவியைத் திருப்பாதே தம்பி!

ஹைதராபாத் மாதாப்பூர் அபார்ட்மென்ட் செல்லாரில் அப்பாவின் பிரீமியர் பத்மினி தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காக நிற்கிறதா? புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்கு. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் இழுத்தால் ரிங் உடையும், சுவர் கீறும்.

"கம்மியா ஓடின வண்டிதானே அக்கா" என்பாய். சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் 1912 ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டைப் போய்ப் பார். ஆர்டர் கொடுத்த ஆறாம் நிஜாம் 1911-லேயே இறந்துவிட்டார். மகன் காலத்திலும் அது அதிகம் ஓடவில்லை. அதையும் சீரமைத்துத்தான் காட்சிக்கு வைத்தார்கள். ஓடாமல் நிற்பதும் இன்ஜினுக்குக் கேடுதான்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் விட்டு, சில நாள் ஊறவிடு. பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் அசைத்துப் பார். அசையாவிட்டால் மல்லுக்கட்டாதே, ஹெட்டைக் கழற்று. அது அலுமினியம், ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் கேஸ்கெட் உட்காரும் முகம் கெட்டுவிடும்.

கழற்றும்போதே போட்டோ எடு. எட்டு புஷ் ராடையும் அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகி வை. கனெக்டிங் ராடின் கேப்பை இன்னொரு ராடுக்கு மாட்டவே கூடாது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் துளை கடைந்திருப்பார்கள்.

1089 சிசி இன்ஜின், போர் 68 மில்லிமீட்டர். மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து தேய்மானம் பார். ரீபோர் வேண்டுமென்றால் முதலில் பிஸ்டனை வாங்கு, அதன் அளவுக்கு லேத்தில் கடையச் சொல். இந்த வண்டியின் உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கேட்ட சைஸ் உடனே கிடைக்காது. ராணிகஞ்சில் தேடு, இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வை.

திரும்பப் பூட்டும்போது எனக்குப் பெரிய கவலை அழுக்குதான். ரீபோர் ஆகி வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவினால் போதாது. அரைத்த பொடி நுண்கோடுகளில் தங்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை விடாதே. காய்ந்த உடனே ஆயில் தடவு, இல்லையென்றால் அன்றே துரு பிடிக்கும். ஆயில் போகும் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி பார். ரிங் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வரக் கூடாது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்கு. மெக்கானிக் கைக்கணக்கில் முறுக்குகிறேன் என்றாலும் சம்மதிக்காதே.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதில் கெட்டுப்போகும். எத்தனால் தாங்குவதாக மாற்று. டேங்கைக் கழுவு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் சுற்றவிட்டு ஆயில் பிரஷர் வருகிறதா பார். வண்டியை வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணு; செல்லாரில் புகை தேங்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்று.

ஆர்.சி.யும் 15 வருஷத்தோடு முடிந்திருக்கும். ஸ்பானரைத் தொடும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் புதுப்பிக்க முடியுமா என்று விசாரித்துவிடு.