கணினியும் கைத்தொலைபேசியும்



இவ்வாண்டு விளையாட்டுப் போட்டியின் படங்களைக் கைத்தொலைபேசியிலிருந்து கம்பியின்றி அலுவலகக் கணினிக்கு மாற்ற முயன்றோம். இரு கருவிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவேயில்லை. அன்று கற்ற பாடத்தை ஈண்டு எழுதுகின்றோம்.

கம்பியில்லாத் தொடர்பு புதுமையன்று. 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கண்ணுக்குப் புலனாகாத அலைகளைச் சுவரினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வைஃபை, புளூடூத் ஆகியனவும் அத்தகைய மின்காந்த அலைகளாலேயே இயங்குகின்றன.

ஒத்திசைவு என்பது யாது? தோட்டத்தில் கிராணியின் செக்ரோலும் தொழிலாளியின் குறிப்பேடும் ஒரே கணக்கைக் காட்ட வேண்டுமன்றோ? அவ்வாறே இரு கருவிகளும் ஒரே கணக்கை வைத்திருப்பதே ஒத்திசைவாகும். அது தடைப்படின் பின்வருவனவற்றை வரிசையாக ஆராய்க.

1. வைஃபை வழி இணைக்கையில் இரண்டும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா? நம் கைத்தொலைபேசி விருந்தினருக்குரிய வலையமைப்பில் இருந்தது. அதிலுள்ள கருவிகளைப் பிற கருவிகள் காணாதவாறு பிரித்து வைப்பது வழக்கம். நம் தடைக்கு அதுவே காரணம்.

2. இடையூறு உண்டா? தடித்த சுவர் அலையை நலிவிக்கும். நுண்ணலை அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே இயங்குவதால் குழப்பம் விளைவிக்கும். கருவிகளை அருகில் வைத்துப் பார்க்க.

3. அனுமதி உண்டா? கணினியின் பாதுகாப்பு அரணோ, கைத்தொலைபேசியின் மின்கலச் சிக்கன முறையோ தடுத்திருக்கலாம்.

4. இரண்டிலும் நாளும் நேரமும் சரியா? பிழையெனில் பழையது எது, புதியது எது என்பதில் மயக்கம் நேரும்.

5. இவற்றாலும் பயனில்லையேல் இரண்டையும் அணைத்து மீண்டும் இயக்குக. புளூடூத்தாயின் பழைய இணைப்பை நீக்கிப் புதிதாக இணைக்க.

தடை நீங்கிப் படங்களும் கணினிக்கு வந்தன. இனி அச்சமில்லையென எண்ணிக் கைத்தொலைபேசியில் அவற்றை அழித்தோம். அழித்தவை தங்கும் பகுதியையும் காலி செய்தோம். மறுமுறை ஒத்திசைந்தபோது கணினியிலிருந்தும் அவை மறைந்தன. ஒரு கணக்கில் அடித்தது மறு கணக்கிலும் அடிபட்டது! ஆறாம் ஆண்டு மாணவரின் ஓட்டப் படம் இம்மலரில் இடம்பெறாமைக்கு எமது அவசரமே காரணம். அவர்கள் பொறுத்தருள்க.

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. அரியவற்றை முதலில் தனியாக ஒரு படியெடுத்து, ஒத்திசைவில் சேராத வேறிடத்தில் வைத்த பின்னரே அழிக்க முற்படுக.

கடலுக்கு அப்பால் பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு முதல் மின்னணுத் தொழில் வளர்ந்து வருகின்றது. நாளை நீங்களும் அத்துறையில் சிறக்கலாம். கருவியைப் பழிக்குமுன் காரணத்தை ஆராயும் பழக்கத்தை இன்றே கைக்கொள்க.