ஓர் ஆள் ஏறும் பட்டம்

ஆகஸ்டு 15 அன்று புசா ரோட்டு மொட்டை மாடிகளில் நின்று பார்த்திருக்கிறீர்களா, நண்பர்களே? வானமெல்லாம் பட்டம்! தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆண்டில் அக்காட்சியைக் கண்டுதான், பட்டத்தில் மனிதன் ஏறினால் என்ன என்ற ஆசை எனக்குப் பிறந்தது. பௌதிக மாணவன் ஆசையைக் கணக்காக்காமல் விடுவானா?

கேள்வி புதிதன்று. 1948இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் சமையலறைத் திரைச்சீலையைக் கொண்டு, காற்றாலேயே விரியும் இறக்கை ஒன்றைச் செய்து பார்த்தனர். 1963இல் ஆஸ்திரேலியர் ஜான் டிக்கன்சன் அவ்வகை இறக்கையின் கீழே முக்கோணப் பிடிசட்டம் அமைத்து, ஆளைத் தொங்கவிட்டார். பின்னர் மூன்று சக்கர வண்டியும், எஞ்சினும், சுழல்விசிறியும் சேர்ந்தன; அதுவே 'டிரைக்'. நம் நாட்டில் 1980இல் தோன்றிய ராஜ் ஹம்சா நிறுவனம் பெங்களூரில் இவ்வகை ஊர்திகளைச் செய்தது.

இதற்கு வாலும் இல்லை, சுக்கானும் இல்லை. பின் எப்படித் திரும்பும்? வண்டி இறக்கையிலிருந்து ஊசல்போல் தொங்குகிறது. பிடிசட்டத்தை இடப்பக்கம் தள்ளினால் நம் பளு வலப்பக்கம் நகரும். ஊர்தியும் வலப்பக்கம் திரும்பும். முன்னே தள்ளினால் வேகம் குறையும். நம் பக்கம் இழுத்தால் கூடும். நம் உடலே சுக்கான்!

இனிக் கணக்கு. ஆள் 75 கிலோ, இறக்கை 45, வண்டியும் எஞ்சினும் 70, பெட்ரோல் 10. ஆக 200 கிலோ. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் வரையிலும் விழாமல் தாங்கவேண்டும் என்போம். தூக்குவிசை என்பது காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கைப் பரப்பு, தூக்குக் குணகம் ஆகியவற்றின் பெருக்கலில் பாதி. குணகம் 1.5 எனக் கொண்டால், பரப்பு ஏறத்தாழ 14 சதுர மீட்டர்.

ஆனால் இது 15 டிகிரி வெப்பத்தில், கடல்மட்டத்துக் காற்றுக்குரிய விடை. தில்லியின் 45 டிகிரி வெயிலில் அடர்த்தி 1.225இலிருந்து சுமார் 1.07 ஆகிவிடும். அதே இறக்கை 48 கிலோமீட்டருக்குக் கீழே தாங்காது. புத்தகக் காற்று வேறு, ஊர்க்காற்று வேறு!

எடையைக் குறைக்க நான் ஒரு வழி கண்டேன். வண்டி இறக்கையோடு தொங்குவது ஒரே ஒரு போல்ட்டில். அது முறிந்தால் காக்கவென்று ஒரு துணை வடம் உண்டு. அதைப் படத்திலிருந்து நீக்கினேன்; சில நூறு கிராம் மிச்சம். படத்தைப் பார்த்த அறைத்தோழர், "இதிலே உட்காரப் போறது யாருங்க?" என்றார். "நான்தான்" என்று சொல்ல நா எழவில்லை. அன்றிரவே வடத்தை மீண்டும் வரைந்தேன்.

எதையெல்லாம் விடலாம் என்பதைவிட, எதை விடக்கூடாது என்று அறிவதே இலேசான ஊர்தியின் பாடம்.

உங்கள் எடை 60 கிலோவானால் இறக்கைப் பரப்பு எவ்வளவு? கணக்கிட்டு வாருங்கள், மாடியில் சந்திப்போம்.